ஐம்பதும் அறுபதும்
கோலார் தங்கவயலின் வீட்டு வீடியோ நாடாக்களும் டெலிவிஷன் முறைகளும்

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளாகும். திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் முடிவான திட்டம் அது. அதை வகுத்தவர் மைசூர் அரசில் பணியாற்றிய ராணுவப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர். காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்து, சுரங்கங்களின் யந்திரங்களுக்கு மின்விசை கொண்டுவரப்பட்டது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் அது ஒன்றாக இருந்தது. பெங்களூர் நகரத் தெருக்களுக்கே மூன்றாண்டுகள் கழித்துத்தான் மின்விளக்கு கிடைத்தது.

அந்த மின்சாரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. இன்று நம் நாட்டில் வழங்கும் மாறுதிசை மின்சாரம் வினாடிக்கு 50 முறை சுழல்கிறது. சிவசமுத்திரத்தில் அன்று உற்பத்தியானதோ வினாடிக்கு 25 சுழற்சி மின்சாரம். நெடுந்தூரம் கொண்டு செல்வதற்கும், பெரிய மோட்டார்களை நிதானமான வேகத்தில் ஓட்டுவதற்கும் குறைந்த சுழற்சி வசதியானது எனப் பொறியாளர் அக்காலத்தில் கருதினர். அமெரிக்காவின் நயாகரா அருவியிலும் அதே 25ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதிலுள்ள குறை விளக்கில் தெரியும். மின்னோட்டம் ஒரு சுழற்சியில் இருமுறை சுழியைத் தொடுவதால், 25 சுழற்சி மின்சாரத்தில் எரியும் விளக்கு வினாடிக்கு 50 முறை மங்கி எழும். கண்ணுக்கு அந்த நடுக்கம் ஓரளவு புலப்படும். 50 சுழற்சியில் இது 100 முறை நிகழ்வதால் கண் அதை உணர்வதில்லை.

25 சுழற்சி மின்சாரத்தை 50 சுழற்சியாக மாற்ற வேண்டுமானால், ஒரே தண்டில் இரண்டு யந்திரங்களைப் பூட்டுவார்கள். நான்கு துருவங்கள் உள்ள மோட்டார் 25 சுழற்சியில் நிமிஷத்துக்கு 750 சுற்று ஓடும். அதே தண்டில் எட்டுத் துருவங்கள் உள்ள ஜெனரேட்டர் இருந்தால், அதே 750 சுற்றில் அது 50 சுழற்சி மின்சாரம் தரும். சிறிது சக்தி வெப்பமாக வீணாகுமேயன்றி வேறு நஷ்டம் இல்லை. மாற்றப்பட்ட மின்சாரத்தைப் பார்த்து, இது முன்பு 25ஆக இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. சென்றுபோன வினாடியின் நினைவு எதுவும் மின்சாரத்தில் இல்லை.

டெலிவிஷன் படத்தின் நிலை அதுவன்று. உலக நாடுகள் வினாடிக்கு 50 என்றும் 60 என்றும் பிரிந்து நின்றதன் விளைவு, தங்கவயல் குடும்பங்களின் பெட்டிகளில் கிடக்கும் வீடியோ நாடாக்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. படத்தை ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது மாற்றத்தின் தழும்பு படத்திலேயே பதிந்துவிடுகிறது. ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இதை அறிந்திருப்பதற்கு இப்போது ஓர் அவசரமான காரணம் உண்டு.

மின்சாரம் வகுத்த பிரிவினை

டெலிவிஷன் படம் ஒரே வீச்சில் திரையில் தோன்றுவதில்லை. மேலிருந்து கீழாக, வரி வரியாக அது எழுதப்படுகிறது. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள் என இரு பாதிப்படங்கள் சேர்ந்தே ஒரு முழுப்படம் ஆகும். வினாடிக்கு எத்தனை பாதிப்படங்கள் என்பதை முன்னோடிகள் தம் ஊர் மின்சாரத்தைப் பார்த்தே முடிவு செய்தனர். பெட்டிக்குள் மின்சாரத்தைச் சீர்செய்யும் பகுதியில் எவ்வளவு கவனம் எடுத்தாலும் சிறிது அலை எஞ்சும். அது திரையில் கரும்பட்டையாகத் தெரியும். மின்சாரமும் படமும் ஒரே தாளத்தில் சென்றால் அப்பட்டை ஓரிடத்தில் நின்று கண்ணை உறுத்தாது. தாளம் மாறினால் மேலும் கீழும் உருண்டுகொண்டே இருக்கும். ஒளிபரப்பு நிலையத்தின் விளக்குகளும் இவ்விதமே தொல்லை தரும்.

ஆகவே 50 சுழற்சி மின்சாரம் வழங்கிய பிரிட்டன் 1936இல் வினாடிக்கு 50 பாதிப்படங்களையும், 60 சுழற்சி நாடான அமெரிக்கா 1941இல் 60 பாதிப்படங்களையும் ஏற்றன. ஜப்பானில் ஒரு வேடிக்கை உண்டு. அந்நாட்டின் கிழக்குப் பாதியில் 50 சுழற்சி, மேற்குப் பாதியில் 60 சுழற்சி மின்சாரம் இன்றும் வழங்குகிறது; டெலிவிஷன் மட்டும் நாடு முழுதும் அமெரிக்க முறையிலேயே அமைந்தது. 2011ஆம் ஆண்டுப் பூகம்பத்தின்போது மேற்குப் பகுதியின் மின்சாரத்தைக் கிழக்குக்குத் தேவையான அளவு அனுப்ப இயலாமற் போனதற்கு, இடையிலுள்ள மாற்றி நிலையங்களின் குறைந்த திறனே காரணம்.

நிறம் வந்தபோது பிரிவு இன்னும் பெருகிற்று. அமெரிக்கா 1953இல் வகுத்த முறைக்கு என்.டி.எஸ்.சி. என்று பெயர். அது 525 வரிகள் கொண்டது. நிறத் தகவலைப் புகுத்துவதற்காக வினாடிக்கு 60 என்பதைச் சற்றே குறைத்து 59.94 ஆக்கினர். நிறத்தைச் சுமக்கும் அலையின் கட்டம் வழியில் சிறிது பிறழ்ந்தாலும் முகத்தின் நிறம் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிவிடும் என்பது அதன் பலவீனம். ஜெர்மனியில் டெலிஃபங்கன் நிறுவனத்தின் வால்டர் புரூக் இதற்குக் கண்ட பரிகாரமே ‘பால்’ முறை. வரிக்கு வரி அக்கட்டத்தைத் திருப்பி அனுப்பினால், ஒரு வரியில் நேர்ந்த பிழையை அடுத்த வரியின் எதிர்ப்பிழை சரிக்கட்டிவிடும். (அந்த ஆங்கிலப் பெயரின் மூன்று முதலெழுத்துகளே பால் என்று ஒலிக்கின்றன, பசுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பிரான்சு ‘செகாம்’ என்ற மூன்றாம் முறையை 1967இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. பாலும் செகாமும் 625 வரி, 50 பாதிப்படம் என்பதில் ஒத்தவை. நிறத்தைச் சுமக்கும் விதத்தில் மட்டும் வேறானவை.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று டில்லியில் பரீட்சார்த்த ஒளிபரப்புத் தொடங்கிற்று. பெங்களூர் நிலையம் 1981 நவம்பரில் அமைந்தது. 1982 ஆகஸ்டு 15 முதல் நிறம் வந்தது. பால் முறையே ஏற்கப்பட்டது. அவ்வாண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி நிறப்பெட்டிகளும் வீடியோ யந்திரங்களும் திரளாக நாட்டுக்குள் வந்தன. நம் நாட்டில் வீட்டு வீடியோவின் காலம் அப்போதுதான் பிறந்தது எனலாம்.

தமிழர் பரவிய நாடுகளை ஒரு வரைபடத்தில் குறித்து, அதன்மேல் இம்முறைகளுக்கு நிறம் தீட்டினால் படம் தெளிவாகும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகியன பால் நாடுகள். வளைகுடாவில் துபாய், குவைத், மஸ்கட் ஆகியனவும் அவ்வாறே. கனடாவும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. பாரிசும் ரீயூனியன் தீவும் செகாம். யாழ்ப்பாணத்தில் எடுத்த ஒரு திருமணப் படம் டொராண்டோவிலுள்ள அண்ணன் வீட்டில் ஓடாது. பாரிசிலுள்ள தம்பி வீட்டில் கறுப்பு வெள்ளையாக ஓடும். 1980களிலும் 90களிலும் இது பல குடும்பங்களின் அனுபவமாக இருந்தது.

நாடாவின் உள்ளே

பலரும் நினைப்பதுபோல் வெற்று நாடாவில் பால் நாடா, என்.டி.எஸ்.சி. நாடா என இருவகை இல்லை. வி.எச்.எஸ். பெட்டியிலுள்ள அரை அங்குல நாடா எங்கும் ஒன்றே. பதிவு செய்யும் யந்திரமே அதற்கு முறையைத் தருகிறது. யந்திரத்தின் உள்ளே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று சாய்வாகச் சுழல்கிறது. அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு காந்தத் தலைகள் உண்டு. ஒவ்வொரு தலையும் நாடாவின் குறுக்கே ஒருமுறை கீறிச் செல்லும்போது ஒரு பாதிப்படம் எழுதப்படுகிறது. பால் முறையில் வினாடிக்கு 50 கீறல்கள் வேண்டும். ஆகவே உருளை வினாடிக்கு 25 சுற்று, அதாவது நிமிஷத்துக்கு 1,500 சுற்று ஓடுகிறது. என்.டி.எஸ்.சி. முறையில் அது ஏறத்தாழ 1,800. சிவசமுத்திர மின்சாரத்தின் 25 இங்கே மீண்டும் தலைகாட்டுவது தற்செயலே. ஆயினும் வகுப்பில் சொன்னால் மாணவர் மறக்கமாட்டார்கள்.

நாடா நகரும் வேகமும் வேறு. பால் முறையில் வினாடிக்கு 23.39 மில்லிமீட்டர், என்.டி.எஸ்.சி. முறையில் 33.35 மில்லிமீட்டர். இது எட்டாம் வகுப்புக்கு ஏற்ற நல்ல கணக்கு. இந்தியக் கடைகளில் விற்ற இ-180 என்ற பெட்டியில் ஏறத்தாழ 258 மீட்டர் நாடா உண்டு. அதை 23.39 மில்லிமீட்டரால் வகுத்தால் 11,030 வினாடி, அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அமெரிக்காவில் விற்ற டி-120 பெட்டியில் சுமார் 246 மீட்டர். அதை 33.35ஆல் வகுக்க இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வரும். பெட்டியின்மேல் எழுதியுள்ள எண் நிமிஷங்களையே குறிக்கிறது. எழுத்து அது எந்த நாட்டு முறைக்குக் கணக்கிடப்பட்டது என்பதைக் காட்டுகிறது. ஆனால் அதைக்கொண்டு உள்ளேயுள்ள பதிவின் முறையை உறுதி செய்யலாகாது. டொராண்டோவில் வாங்கிய டி-120 பெட்டியைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து, இந்தியக் காமிராவில் இட்டுப் படம் எடுத்திருந்தால் அது பால் பதிவேயாகும்.

முறையை அறிய உறுதியான வழி ஓட்டிப் பார்ப்பதுதான். பால் மட்டும் அறிந்த யந்திரத்தில் என்.டி.எஸ்.சி. நாடாவை இட்டால் படம் நிலைகொள்ளாமல் உருளும். பேச்சு இழுபட்டுத் தாழ்ந்து ஒலிக்கும். மாறாக, என்.டி.எஸ்.சி. யந்திரத்தில் பால் நாடா ஓடினால் குரல் கீச்சென்று விரையும். படம் அசையாமல் நின்று நிறம் மட்டும் இல்லாதிருந்தால் அது செகாம் பதிவாக இருக்கக்கூடும். யந்திரத்தின் நிறப்பகுதி பழுதுபட்டிருக்கவும் கூடும் என்பதால், நிறம் வருமெனத் தெரிந்த வேறொரு நாடாவை இட்டுச் சரிபார்த்த பின்பே முடிவு செய்ய வேண்டும். மூன்று முறைகளையும் ஓட்டவல்ல பலமுறை யந்திரங்களும் விற்பனைக்கு வந்தன. அவற்றுட் பல, என்.டி.எஸ்.சி. நாடாவை 525 வரி, 60 பாதிப்படமாகவே வெளியிட்டு, நிறத்தை மட்டும் பால் அலையில் ஏற்றித் தந்தன. கண்ணாடிக் குழாய் டெலிவிஷன்கள் இந்தக் கலப்பை அநேகமாக ஏற்றுக்கொண்டன. வினாடிக்கு எழுதப்படும் வரிகள் பால் முறையில் 15,625, என்.டி.எஸ்.சி. முறையில் ஏறத்தாழ 15,734 என நெருங்கி இருந்ததே அதற்கு உதவிற்று. ஆனால் இன்று கணிப்பொறியில் பதிவிறக்கும் சிறு கருவிகள் பலவும் இக்கலப்பைக் கண்டு தடுமாறுகின்றன. நிறமற்ற, நடுங்கும் படம் வந்தால் நாடா கெட்டுவிட்டது என்று தூக்கி எறியலாகாது. குற்றம் பெரும்பாலும் இடையிலுள்ள கருவியினுடையது.

ஆறு ஐந்தாகும்போது

என்.டி.எஸ்.சி. படத்தைப் பாலாக மாற்றுவதென்றால் என்ன? வினாடிக்கு 60 பாதிப்படங்களை 50 ஆக்க வேண்டும். அதாவது ஆறு இருந்த இடத்தில் ஐந்து. அதே சமயம் திரையில் தெரியும் 480 வரிகளை 576 ஆக்க வேண்டும்; அதாவது ஐந்து இருந்த இடத்தில் ஆறு. ஒன்றில் குறைவதும் மற்றொன்றில் கூடுவதும் ஒரே விகிதமாகையால், வினாடிக்குத் திரையில் தெரியும் மொத்த வரிகள் இரு முறைகளிலும் 14,400 என்றே அமைகின்றன. கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துப்போனாலும், ஒன்று மற்றொன்றாகிவிடாது. ஐந்து வரிகளிலிருந்து ஆறாவது வரியை உண்டாக்கினால் அது காமிரா கண்ட வரியன்று. அண்டை வரிகளைக் கலந்து செய்த ஊகம்.

காலத்தில் நேரும் சேதம் இன்னும் கடினமானது. சுரங்கத்தின் தலைக்கோபுரத்தில் சுழலும் பெருஞ்சக்கரத்தை நினைத்துக்கொள்ளலாம். 60 பாதிப்படங்களில் ஒவ்வொன்றிலும் ஆரக்கால் சமதூரம் நகர்கிறது. ஆறாவது படத்தை அப்படியே விட்டுவிட்டால், சக்கரம் நான்கு அடி சீராக எடுத்து வைத்து, ஒரு தாவல் தாவும்; வினாடிக்குப் பத்துத் தாவல்கள். இதைத் தவிர்க்க அண்டைப் படங்களைக் கலந்தால் தாவல் குறையும். ஆனால் ஓர் ஆரக்கால் இருந்த இடத்தில் இரண்டு மங்கிய ஆரக்கால்கள் நிழலாடும். நடக்கும் மனிதனுக்கு மூன்று கால்கள் தோன்றும். இயக்கத்தின் திசையைக் கணித்து இடைநிலைப் படத்தைப் புதிதாக வரையும் கணிப்பொறி முறைகள் இப்போது உள்ளன. அவை வியக்கத்தக்கவை, எனினும் அவை வரைவதும் ஊகமே. ஒருவர் முன்னே மற்றொருவர் குறுக்கிட்டுச் செல்லும் கூட்டக் காட்சிகளில் அவ்வூகம் தவறுவது சகஜம்.

தொடக்கத்தில் இம்மாற்றத்தை மிக எளிய வழியில் செய்தார்கள். ஒரு முறையில் படத்தைத் திரையில் ஓடவிட்டு, மற்ற முறைக் காமிராவால் அத்திரையைப் படம் பிடித்தார்கள், அவ்வளவுதான். ஒரு பாதிப்படம் முழுவதையும் நினைவில் நிறுத்தி மின்னணு வழியில் மாற்றும் யந்திரத்தை பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவு அமைத்தது. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக் போட்டிகளை ஐரோப்பியர் நிறத்தில் கண்டது அதன் உதவியால்தான். குவார்ட்சு படிகத்தினூடே ஒலி அலையாகப் படத்தை அனுப்பி, அது மறுமுனைக்கு வந்து சேரும் தாமதத்தையே நினைவாக அந்த யந்திரம் பயன்படுத்திற்று. 1990களில் இவ்வேலை முழுவதையும் தன்னுள்ளேயே செய்த பானசோனிக் ஏ.ஜி.-டபிள்யூ.1 போன்ற வீட்டு யந்திரங்களும் வந்தன.

முறைமாற்றத்தின் விலை என்ன என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1969 ஜூலை 21, இந்திய நேரம் காலை எட்டரை மணியளவில் நீல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் காலடி வைத்தார். அதைப் படம்பிடித்த காமிரா வழக்கமான எந்த டெலிவிஷன் முறையையும் சார்ந்ததன்று. மிகச் சிறிதளவு மின்திறனில் பூமிக்கு அனுப்ப வேண்டியிருந்தமையால் அது 320 வரிகளும் வினாடிக்குப் பத்துப் படங்களும் கொண்டதாக அமைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக், பார்க்ஸ் நிலையங்களின் பெரும் அலைவாங்கிகள் பெற்ற அப்படம் தெளிவாகவே இருந்தது. உலகம் கண்டது அதையன்று. சிறு திரையில் அதை ஓடவிட்டு, எதிரே வைத்த காமிராவால் 525 வரிப் படமாக மாற்றிய பின்பே ஒளிபரப்பினார்கள். ஆவி போன்ற உருவங்களையும் மங்கிய நிழல்களையுமே மக்கள் பார்த்தனர். மாற்றத்துக்கு முந்திய மூலப்பதிவு தனியே காந்த நாடாக்களில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்நாடாக்களைத் தேடியபோது அவை கிடைக்கவில்லை. நாடாத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் நாசா அறிவித்தது. மாற்றப்பட்ட பிரதி கையில் இருக்கிறதே என்ற நிம்மதியில் மூலத்தைக் கைவிட்டால் நேர்வது இதுவே.

தங்கவயலில் எஞ்சியிருப்பவை

கோலார் தங்கச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880 முதல் தொடங்கிய வேலை 120 ஆண்டுகளுக்குப் பின் நின்றது. நிறவீடியோ இந்தியாவுக்கு வந்த 1982க்கும் சுரங்கம் மூடிய 2001க்கும் இடைப்பட்ட காலம் பத்தொன்பது ஆண்டுகள் மட்டுமே. இயங்கும் சுரங்கத்தின் நிழலில் அவ்வூர் வாழ்ந்த வாழ்க்கை வீட்டுக் காமிராக்களில் நிறத்துடன் பதிவாக வாய்ப்பிருந்தது இந்தச் சிறு இடைவெளியில்தான். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் வம்சத்தினரும், அங்கே வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியரும், பிறரும் தத்தம் வீட்டு விசேஷங்களைப் பதிவு செய்தனர். ஒரு திருமண ஊர்வலத்தின் பின்னணியில் தலைக்கோபுரச் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கலாம். கிறிஸ்துமஸ் இரவில் எடுத்த காட்சியில் தொழிலாளர் வீட்டு வரிசைகள் தோன்றலாம். படம் எடுத்தவருக்கு அவை முக்கியமல்ல. இன்று வரலாறு எழுதுவோருக்கும், ஊரை விட்டுச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அவையே முக்கியம்.

சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்குச் சென்று வேலை செய்து திரும்பலாயினர். வேறு பலர் ஊரையும், சிலர் நாட்டையும் விட்டுச் சென்றனர். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் அதற்கு முன்பிருந்தே ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்து வந்திருக்கின்றன. ஆகவே ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு பழைய பெட்டியைத் திறந்தால், உள்ளூரில் எடுத்த பால் நாடாவுக்கு அருகே, கனடாவிலிருந்து வந்த உறவினர் தம் காமிராவிலேயே எடுத்து விட்டுச் சென்ற என்.டி.எஸ்.சி. நாடா கிடைப்பதில் வியப்பில்லை. உள்ளூர் நாடா கடல்கடந்து போய், அங்கே கடையில் மாற்றப்பட்டு, மாற்றிய பிரதியே ஊருக்குத் திரும்பியிருக்கவும் கூடும். அவ்விதப் பிரதியை நுணுகிப் பார்த்தால், நடப்போரின் கால்களில் முன்சொன்ன தாவலோ இரட்டை நிழலோ தெரியும். அப்போது மூலம் எங்கே என்று விசாரிப்பது அவசியம்.

அவசரம் ஏன் என்றால், காந்தப் பொடியை நாடாவுடன் பிணைக்கும் பசை ஈரத்தால் சிதைகிறது, பூஞ்சை பிடிக்கிறது. அதைவிட விரைவாக யந்திரங்கள் மறைகின்றன. வி.எச்.எஸ். யந்திரங்களைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் 2019இல் விடுத்த எச்சரிக்கை, 2025ஆம் ஆண்டை ஒட்டி நாடாவை ஓட்டுவதற்கான வசதிகளே பெரும்பாலும் அற்றுப்போகும் என்று கூறிற்று. தேய்ந்த காந்தத் தலைக்கு மாற்றுத் தலை கிடைப்பதும், அதைப் பொருத்தத் தெரிந்த கைவினைஞர் கிடைப்பதும் ஆண்டுக்காண்டு அரிதாகி வருகின்றன.

மாற்றாமல் காப்பது

மகிழ்ச்சிக்குரிய செய்தி ஒன்று உண்டு. முறைமாற்றம் இன்று பெரும்பாலும் தேவையே இல்லை. டெலிவிஷன் பெட்டி தன் நாட்டு முறையை மட்டும் அறிந்திருந்த காலத்தில் மாற்றம் தவிர்க்க முடியாததாக இருந்தது. கணிப்பொறியும் கைப்பேசியும் அப்படியல்ல. வினாடிக்கு 25 படம் என்று கோப்பில் எழுதியிருந்தால் 25ஐக் காட்டும், 29.97 என்றிருந்தால் அதைக் காட்டும். எனவே பால் நாடாவைப் பாலாகவும், என்.டி.எஸ்.சி. நாடாவை என்.டி.எஸ்.சி.யாகவும் அப்படியே பதிவிறக்குவதே முறை. அங்ஙனம் இறக்கிய கோப்பிலிருந்து பின்னர் எத்தனை மாற்றுப் பிரதிகளும் எடுத்துக்கொள்ளலாம், மூலக்கோப்பு கெடாது.

கடையில் கொடுப்பவர்கள் கேட்க வேண்டியதும் இதுவே. பால் நாடாவுக்கு 720 புள்ளி அகலமும் 576 வரியும், வினாடிக்கு 25 படமும் வேண்டும். என்.டி.எஸ்.சி. நாடாவுக்கு 720 புள்ளியும் 480 வரியும், 29.97 படமும். வரும் நாடா அனைத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வேலை சுலபமாகுமே தவிர நாடாவுக்கு அது நன்மையன்று. இரு பாதிப்படங்களை ஒன்றாகக் கலந்து முழுப்படமாக்கித் தருவதையும் மூலக்கோப்பில் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். 720க்கு 576 என்பதைச் சதுரப் புள்ளிகளாக எடுத்துக்கொண்டு காட்டினால் முகங்கள் சற்று ஒடுங்கித் தோன்றும். அது காட்டும் முறையிலுள்ள குறையேயன்றிப் பதிவின் குறையன்று. நான்குக்கு மூன்று என்ற விகிதத்தைக் குறித்துவிட்டால் சரியாகிவிடும்.

சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரப் பால் படம் சுமார் 75 கிகாபைட் இடம் பிடிக்கும். எஃப்.எஃப்.வி.1 என்ற இழப்பற்ற சுருக்குமுறை அதைப் பாதிக்கும் கீழாகக் குறைக்க வல்லது. சுருக்கிய கோப்பைப் பிரித்தால் மூலத்தின் ஒவ்வொரு புள்ளியும் திரும்பக் கிடைக்கும். அதற்கும் வசதியில்லாத இடத்தில் டி.வி. முறையில் மணிக்கு 13 கிகாபைட் அளவில் வைக்கலாம். சிறிது இழப்பு உண்டு, ஆயினும் தாழ்வில்லை. இரண்டு மணி நேரத்தை ஒரே டி.வி.டி. தகட்டில் அடக்கித் தருவதை மூலப்பிரதியாகக் கருதுவது தகாது. பிரதிகள் இரண்டு இருக்க வேண்டும்; ஒன்று வேறு வீட்டிலோ வேறு ஊரிலோ இருக்க வேண்டும்.

பெட்டியின் சாளரம் வழியே நாடாவில் வெண்பொடி தெரிந்தால் அதை யந்திரத்தில் இடலாகாது. பூஞ்சை காந்தத் தலைகளில் ஒட்டி, அடுத்து இடும் நல்ல நாடாவுக்கும் பரவும். அத்தகையதைத் தனியே ஒதுக்கித் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும். நல்ல நாடாவை முதலில் ஒருமுறை முழுதும் முன்னோக்கிச் சுற்றிப் பின்னோக்கிச் சுற்றியபின் ஓட்டுவது நலம். பெட்டியின் முதுகிலுள்ள சிறு தாவலை உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே பதிவாகும் அபாயம் நீங்கும். பதிவிறக்கிய பின்பும் நாடாவை எறியாமல், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும்.

வகுப்பில் செய்து காட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. சோக் பொருத்திய பழைய குழல்விளக்கின் கீழ் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டினால், அது தொடர்ந்த பட்டையாகத் தெரியாமல் துண்டு துண்டாகத் தெரியும். விளக்கு வினாடிக்கு 100 முறை மங்குவதன் விளைவு அது. அதே விளக்கைக் கைப்பேசியின் மெதுவியக்கக் காமிராவில் எடுத்தால் துடிப்பு நன்கு புலனாகும். கைப்பேசிக் காமிராவின் அமைப்புகளில் பலவற்றில் 50, 60 என்ற இரு தேர்வுகளை இன்றும் காணலாம். மாற்றிப் பார்த்தால் சில விளக்குகளின் கீழ்ப் படத்தில் பட்டைகள் தோன்றி நகரும். டெலிவிஷன் முன்னோடிகள் அஞ்சிய அதே பட்டைகள் இவை.

களப்பணியாளர் ஒரு வீட்டில் நாடாவைக் காணும்போது, யார் எடுத்தது, எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த நாட்டுக் காமிராவில் என்று அவ்வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுத் தாளில் எழுதிப் பெட்டியுடன் சேர்த்து வைக்கலாம். முறையைத் தவறாகக் கணித்தால் மீண்டும் ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். படத்தில் நிற்பவர் யார், பின்னே தெரிவது எந்தச் சுரங்கத்தின் கோபுரம் என்பதை எந்த யந்திரமும் சொல்லாது. அதை அறிந்தவர்களுக்கோ வயதாகிவருகிறது.